மைக் கட்டினால் போதுமா? உடல்நலப் பிரசாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுய உதவிக் குழுவினர், என்.எஸ்.எஸ். மாணவர்கள், இளைஞர் மன்றத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் ஊருக்குள் ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவரக் கிளம்பும்போது கேட்கிற கேள்விகள் இவை. டெங்கு, புகையிலை, தடுப்பூசி, சர்க்கரை நோய் என்று விஷயம் மாறும். கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

டி.வி., ரேடியோ, சுவரொட்டி இவையெல்லாம் உண்மையிலேயே பழக்கத்தை மாற்றுமா? செலவு வீண்தானா?

வீண் இல்லை. ஆனால் எல்லாப் பழக்கமும் ஒரே மாதிரி அசைந்து கொடுப்பதில்லை.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார். 1972இல் கலிஃபோர்னியாவில் மூன்று சிறு ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்பைக் குறைப்பது நோக்கம். ட்ரேசி என்ற ஊரில் ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டார்கள். கில்ராயில் டி.வி., ரேடியோ, செய்தித்தாள், தபாலில் வரும் பிரசுரங்கள். வாட்சன்வில்லில் இவை அத்தனையும், அதோடு மாரடைப்பு அபாயம் அதிகம் உள்ள ஒரு பகுதியினருக்கு நேரில் பயிற்சியும். அங்கே ஸ்பானிய மொழி பேசுவோர் நிறைய என்பதால் எல்லாமே இரண்டு மொழிகளில் போயின.

ஊடகம் மட்டும் போன ஊரிலும் மக்களுக்கு விஷயம் தெரிந்தது, சாப்பாட்டுப் பழக்கம் கொஞ்சம் மாறியது. நேரில் ஆள் போன ஊரில் முதல் வருடத்திலேயே மாற்றம் வேகமாக வந்தது. சிகரெட்டை விடுகிற விஷயத்தில்தான் பெரிய வித்தியாசம்: நேரில் உதவி கிடைத்தவர்கள்தான் அதிகமாக விட்டார்கள். மூன்றே ஊர்களை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும் களத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ரேடியோவைக் கேட்டு முட்டையின் மஞ்சள் கருவைக் குறைத்துக்கொள்ளலாம். இருபது வருடத்து பீடியை விட, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் விஷயம் தெரிகிறது, ஆனால் செய்ய மாட்டேன் என்கிறார்கள். ஏன்?

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிடித்த உதாரணம் பங்களாதேஷில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

வயிற்றுப்போக்கில் குழந்தை இறப்பது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால். அதற்குப் பெரும்பாலும் ஊசி வழியாக ஏற்றும் சலைன் தேவையில்லை, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரை வாயால் குடித்தாலே போதும் என்பது 1968இல் டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் நிரூபணமானது. 1971 போரின்போது மேற்கு வங்க எல்லையில் இருந்த பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, கூட இருந்த உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் பங்களாதேஷின் கிராமத்து வீடுகளுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? பாக்கெட்டாகப் போட்டுக் கொடுக்க அன்று அந்த நாட்டிடம் வசதி இல்லை. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980இல் ஒரு முடிவெடுத்தது. வீட்டில் இருக்கும் உப்பையும் வெல்லத்தையும் வைத்துத் தாய்மாரே கரைசல் செய்யக் கற்றுக்கொடுப்பது, அதுவும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். அரை சேரை எப்படி அளப்பது? கற்றுக்கொடுக்கப் போன பெண், அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தாள். இந்தக் கோட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது. எத்தனை போஸ்டர் அடித்தாலும் அதற்கு ஈடாகாது.

சம்பளத்திலும் ஒரு புதுமை. எத்தனை வீடு போனாய் என்பதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு மாதம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், சொல்லிக்கொடுத்த பத்து விஷயங்களில் எத்தனை ஞாபகம் இருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று அந்தத் தாயைக் கேட்பார். ஏ, பி, சி, டி என்று தரம் போட்டு, அதற்கு ஏற்பத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் காசு. கரைசலின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உப்பின் அளவையும் பார்த்தார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

தாய்மார் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். செய்து காட்டச் சொன்னால் செய்து காட்டினார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றால் போனபோது மிகச் சிலரே அதைக் கொடுத்தார்கள்!

ஏன் என்று தோண்டிப் பார்த்ததில் மூன்று காரணங்கள் வெளிவந்தன. முதலாவது, கற்றுக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு கெட்டால் அவர்கள் மாத்திரைதான் போட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அப்புறம் அந்தப் பெண்களை டாக்காவுக்கு அழைத்துவந்து, கரைசலால் நோயாளிகள் எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். திரும்பிப் போனதும், பேசுவதற்கு முன் ஊர் பார்க்கத் தாங்களே ஒரு மடக்குக் குடித்தார்கள். இரண்டாவது, ஆண்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. நம் வீட்டுப் பெண்களிடம் வெளியாள் வந்து என்னவோ சொல்லிவிட்டுப் போகிறாள் என்று அவர்களுக்குச் சந்தேகம். பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம் என்று ஆண்கள் கூடும் இடங்களில் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள், ரேடியோவும் டி.வி.யும் கைகொடுத்தன. மூன்றாவது காரணத்துக்குத் தனிக் கேள்வியே இருக்கிறது, அடுத்து வருகிறது.

1990 வரை நடந்த இந்தத் திட்டம் 1 கோடியே 20 லட்சம் வீடுகளைத் தொட்டது. வயிற்றுப்போக்குக்குக் கரைசல் கொடுக்கும் வழக்கம் உலகிலேயே அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாகப் பங்களாதேஷ் ஆனது.

ஆகவே, தெரிந்தும் செய்யவில்லை என்று மக்கள்மேல் பழி போடுவதற்கு முன், சொல்லப் போன நம் ஆட்கள் வீட்டில் அதைச் செய்கிறார்களா என்று பாருங்கள். சர்க்கரையைக் குறையுங்கள் என்று பேசிவிட்டு மேடையிலேயே எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுக்கும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்? மருத்துவச் சொல்லா, பேச்சுச் சொல்லா?

பங்களாதேஷின் மூன்றாவது காரணம் இதுதான். பிராக் ஆட்கள் ‘டயரியா’ என்றார்கள். கிராமத்துத் தாய்க்கு டயரியா என்றால் காலரா போலத் தண்ணீராகக் கொட்டுவது மட்டும்தான். பால் குடிக்கும் குழந்தைக்கு வருவதற்கு ஒரு பெயர், செரிக்காமல் போவதற்கு ஒரு பெயர், சீதத்தோடு போவதற்கு ஒரு பெயர் என்று அவர்களிடம் வேறு வேறு பெயர்கள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் கரைசல் பொருந்தாது என்று நினைத்துக் கொடுக்கவில்லை.

நம் ஊரிலும் அப்படித்தானே? பேதி வேறு, சீதபேதி வேறு, மாந்தம் வேறு. பல் முளைக்கும்போது போவதை நோய் என்றே யாரும் எண்ணுவதில்லை. ‘வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்’ என்று மட்டும் நோட்டீஸ் அடித்தால், மாந்தம் வந்த குழந்தையின் பாட்டிக்கு அந்த நோட்டீஸ் சம்பந்தமில்லாத ஒன்று. பிரசாரத்துக்கு முன் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து, இதை இங்கே என்னவென்று சொல்வீர்கள் என்று கேளுங்கள். அந்தச் சொற்களை அப்படியே நோட்டீஸில் போடுங்கள்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று உப்பு-வெல்லக் கணக்கு தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசம். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் 1 லிட்டர் குடிதண்ணீரில் கலக்க வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்று போடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கூடவே டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரை 14 நாள். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. கடையில் அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று இல்லை. அவற்றின்மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

பயமுறுத்தினால்தான் கேட்பார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்கிறார். சரியா?

பாதி சரி. தியேட்டரில் படம் தொடங்கும் முன் வரும் புகையிலை எச்சரிக்கைப் படங்களை நினைத்துப் பாருங்கள். தொண்டையில் ஓட்டை, வெட்டப்பட்ட தாடை. வசனமெல்லாம் நமக்கு மனப்பாடம். கல்லூரிப் பையன்கள் அதை வைத்து மிமிக்ரி செய்கிறார்கள். நூறாவது தடவை பார்க்கும்போது பயம் தேய்ந்துவிடுகிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆனாலும் அதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். பயம் ஒரு கதவைத் தட்டுகிறது. கதவைத் திறந்தவனுக்கு அடுத்து எங்கே போவது என்று வழி காட்டினால் பலன் உண்டு. சிகரெட், பீடி பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடிக்க வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. என் கணக்கில் அந்தப் படத்தைவிட உபயோகமானது, பிற்பாடு அதே பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று வந்த 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண். விட வேண்டும் என்று நினைக்கும் அந்த நிமிடத்தில் அது கையிலேயே இருக்கிறது.

பயம் தப்பாகப் பாயவும் செய்யும். 1987இல் ஆஸ்திரேலியாவில் எய்ட்ஸ் பற்றி ஒரு டி.வி. விளம்பரம் வந்தது. கையில் அரிவாளோடு வரும் எலும்புக்கூடு உருவம், மனிதர்களையே வரிசையாக நிறுத்திப் பந்து உருட்டிச் சாய்க்கும். நாடே அதிர்ந்தது. ஆனால் நோயைப் பார்த்து வர வேண்டிய பயம் நோயாளிகள் மேலும் திரும்பியது என்ற விமரிசனம் இன்றும் இருக்கிறது. தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றுக்குப் பயமுறுத்தும் வழியை எடுக்கவே எடுக்காதீர்கள். பயந்தவன் ஒளிவான், ஒளிந்தவனுக்கு மருந்து போய்ச் சேராது.

விளம்பரத்தைப் பற்றி ஊரே பேசுகிறது என்றால் வெற்றிதானே?

‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ இந்தக் கேள்வி 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சாலையோரப் பலகைகளில் நின்றது. யார் இந்தப் புள்ளி ராஜா என்று டீக்கடையில், பஸ்ஸில், வகுப்பறையில் பேச்சு. ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒன்றை நாட்டிலேயே முதலில் அமைத்ததும் தமிழ்நாடுதான், 1994இல். எய்ட்ஸ் என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொல்ல முடியாத காலம் அது. அந்தச் சொல்லைப் பொது இடத்தில் வாய்விட்டுச் சொல்ல வைத்ததே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். ஆனால் கேலி முந்திக்கொண்டது. ராஜாவை ஞாபகம் வைத்திருக்கும் பலருக்கு, ராஜா என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஞாபகம் இல்லை. இந்த வகை விளம்பரம் வைத்தால், பேச்சு சூடாக இருக்கும் அந்த இரண்டு வாரத்துக்குள் பதிலோடு ஆட்கள் தெருவில் இருக்க வேண்டும்.

நடிகரைக் கூப்பிடலாமா?

கூட்டம் வரும். கேட்பார்களா என்பது வேறு. போலியோ சொட்டு மருந்துக்கு அமிதாப் பச்சன் டி.வி.யில் வந்து கெஞ்சினார், கோபப்பட்டார். நாடு முழுக்க ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குக் குழந்தைகள் வந்தன. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் சில தெருக்களில் கதவு திறக்கவில்லை. சொட்டு மருந்து போட்டால் பின்னாளில் பிள்ளை பிறக்காது என்று ஒரு புரளி. அதை எந்த நடிகராலும் உடைக்க முடியவில்லை. அந்தத் தெருவிலேயே வாழும் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். இமாம்கள் தொழுகைக்குப் பின் பேசினார்கள். சிலர் எல்லோர் முன்னாலும் தங்கள் வீட்டுக் குழந்தைக்கே சொட்டு போட்டுக் காட்டினார்கள்.

அந்தப் பெண்கள் இன்னொரு விஷயத்தையும் மேலே கொண்டுவந்தார்கள். ‘சாக்கடை அள்ள யாரும் வருவதில்லை, காய்ச்சலுக்கு மருந்து இல்லை, சொட்டு போட மட்டும் மாதாமாதம் வருகிறீர்களே, ஏன்?’ என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போலியோ விடாமல் இருந்த 107 வட்டாரங்களில் சுத்தமான தண்ணீர், கழிப்பறை, கைகழுவுதல், வயிற்றுப்போக்கு சிகிச்சை எல்லாம் சேர்த்து ஒரு திட்டம் போட்டார்கள். 2009இல் இந்தியாவில் 741 போலியோ நோயாளிகள். 2010இல் 42. 2011இல் ஒன்றே ஒன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில், ஜனவரி 13 அன்று. அதுவே கடைசி.

வாட்ஸ்அப் வதந்திக்கு என்ன செய்வது?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. பெற்றோர் சம்மதிக்கவில்லை, முகாமின் தேதியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தி பரவிய பிறகு மறுப்பு சொல்வது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது போல. முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே பெற்றோர் கூட்டம் போட்டு, ஊசி போட்ட இடத்தில் வலி வரலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். மறைத்தது போலத் தெரிந்தால் அங்கேதான் வதந்தி நுழைகிறது. மறுப்பு எழுதும்போது வதந்தியைத் தலைப்பில் போடாதீர்கள். பலர் தலைப்பை மட்டும்தான் படிப்பார்கள்.

வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, பறை இதெல்லாம் இன்னும் எடுபடுமா?

எடுபடும், கலைஞர்களை அவர்கள் போக்கில் விட்டால். அதிகாரி எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தை ராகம் போட்டுப் படிக்கச் சொன்னால் குழந்தைகள்கூட எழுந்து போய்விடும்.

வில்லுப்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது, வேறெந்தக் கலையிலும் இவ்வளவு லேசாக அமையாது. தலைமைப் பாடகர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். இடையில் குறுக்குக் கேள்வியும் கேட்பார். ஊருக்குள் யாரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் சந்தேகத்தை அந்த ஆமா போடுபவர் வாயில் வைக்கலாம். ‘அண்ணாச்சி, பிரஷர் மாத்திரையை ஒரு தடவை தொட்டா ஆயுசுக்கும் விட முடியாதாமே, அதுக்குத் தொடாமலே இருந்துட்டா?’ கூட்டம் சிரிக்கும், ஏனென்றால் பாதிப் பேர் மனதில் அதுதான் இருக்கிறது. இப்போது நீங்கள் படிக்கும் கேள்வி-பதில் வடிவத்தை நம் ஊர்க்காரர்கள் மேடையில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

பறை விஷயத்தில் ஒரு கவனம். தண்டோரா போட ஒரு சாதியினரை ஏவும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022இல் தமிழக அரசு உத்தரவிட்டது. பறை இசைக் குழுவை மேடையேற்றி மரியாதையோடு, உரிய சம்பளம் கொடுத்து வாசிக்கச் சொல்வது வேறு. ‘நீ போய் ஊருக்குச் சொல்லிவிட்டு வா’ என்பது வேறு.

தொடர் நாடகம் எழுதலாமா?

எழுதலாம். 1993இல் தான்சானியா ரேடியோ ஒரு தொடர் நாடகத்தைத் தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாடும் எச்.ஐ.வி.யும் அதன் உள்சரடு. டொடோமா பகுதிக்கு மட்டும் இரண்டு வருடம் அதை ஒலிபரப்பவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. நாடகம் கேட்ட பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாடு முறைகளைக் கைக்கொண்டவர்கள் கூடினார்கள். இந்த வகை நாடகத்தில் நல்லவன், கெட்டவன் இருவரையும்விட முக்கியமானவர் நடுவில் தடுமாறுபவர். கேட்பவர் தன்னை அங்கேதான் பார்க்கிறார். நம் ஆட்கள் எழுதும் விழிப்புணர்வு நாடகங்களில் முதல் காட்சியில் குடிகாரன், இரண்டாம் காட்சியில் டாக்டர் அறிவுரை, மூன்றாம் காட்சியில் திருந்திவிட்டான். தடுமாற்றத்துக்கு இடமே கிடையாது.

வசதியே இல்லாத இடத்தில் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமா?

இல்லை. பல பிரசாரங்கள் கவிழ்வது இங்கேதான்.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். ‘தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்’ என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறோம். குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் தெருவில் தேக்காமல் என்ன செய்வார்கள்? ஒரு அம்மா என்னிடம் கேட்டார், ‘தம்பி, தினம் தண்ணி விடச் சொல்லுங்க, நாங்க ஏன் டிரம்மு வாங்கப் போறோம்?’ பதில் இல்லாமல் நின்றேன். அந்தத் தெருவுக்கு ஏற்ற செய்தி வேறு: டிரம்மைத் துணியால் இறுக்கிக் கட்டி மூடுங்கள், வாரம் ஒரு முறை காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒரு முறை ஏன் என்றால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போல ஆகும். தேய்க்க ஏன் சொல்கிறோம் என்றால், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் முட்டைக்குத் தண்ணீர் விட்டது போலத்தான். காரணத்தைச் சொன்னால் மக்கள் செய்கிறார்கள். கட்டளை மட்டும் போட்டால் தலையாட்டுகிறார்கள்.

வசதியையே மாற்றிக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. ஃபின்லாந்தின் கிழக்கே வட கரேலியா. 1960களின் கடைசியில் அங்கே ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். உலகிலேயே மிக மோசமான நிலை. மாகாணத்தாரே கையெழுத்துப் போட்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. ரொட்டிக்குக் கனமாக வெண்ணெய், கொழுப்புப் பால், உப்பு, சிகரெட் இதுதான் அவர்கள் வாழ்க்கை. பால் மாடு வளர்ப்பவனிடம் போய் வெண்ணெய் சாப்பிடாதே என்றால் அடிக்க வரமாட்டானா?

ஊரில் இருந்த மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து மாலை விருந்துகள் நடத்தினார்கள். கொழுப்புக் குறைத்துச் செய்த பழைய ஊர்ச் சமையலையே எல்லோரும் சாப்பிட்டுப் பார்த்தார்கள். தொத்திறைச்சி செய்பவரிடம் பேசி, கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்க வைத்தார்கள். பிற்பாடு பால் பண்ணைக்காரர்கள் பெர்ரிப் பழம் பயிரிடவும் உதவினார்கள். சிகரெட்டை விடும் பத்துப் பேரை டி.வி.யில் வாராவாரம் காட்டுவது போன்ற நிகழ்ச்சிகளும் நடந்தன. சொந்த ஊர்க்காரர்கள் தவிப்பதை ஊரே பார்த்தது. நாற்பது வருடத்தில் வேலை செய்யும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே காலத்தில் ஃபின்லாந்து முழுவதும் மருத்துவமும் சட்டமும் மாறின, எல்லாப் பெருமையும் ஒரு திட்டத்துக்கு மட்டும் போகாது. இருந்தாலும் முதல் அடி அங்கிருந்துதான்.

எவ்வளவு நாள் நடத்த வேண்டும்?

வட கரேலியாவில் 25 வருடம். நம்மால் முடியாது என்றால் ஒரு வருடமாவது. ‘விழிப்புணர்வு வாரம்’ என்பது போட்டோ எடுக்க நல்லது.

எந்த நேரம், எந்த இடம்?

முதல் தடவை நான் பகல் பதினொரு மணிக்கு மைக் கட்டிப் போனேன். தெருவில் இரண்டு ஆடும் ஒரு தாத்தாவும். மற்ற எல்லோரும் நூறு நாள் வேலையில். அதன் பிறகு வேலை நடக்கும் இடத்துக்கே போய், சாப்பாட்டு நேரத்தில் பேசினோம். ரேஷன் கடை வரிசை, பி.எச்.சி.யில் பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாள், கோவில் கொடைக்கு மறுநாள் மத்தியானம் எல்லாம் நல்ல நேரம். ஆண்களுக்கு சலூனும் டீக்கடையும்.

யார் பேசுவது என்பதும் இதில் அடங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே ஊர் சுய உதவிக் குழுப் பெண். கிராம சுகாதார செவிலியரும் அப்படித்தான், வீட்டில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். அவர்களிடம் சொல்லாமல் நீங்கள் தனியாக ஒன்று சொல்லி, அவர்கள் வேறொன்று சொன்னால் இரண்டுமே கெட்டுவிடும்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம், எத்தனை பேர் வந்தார்கள் என்பது செலவுக் கணக்கு. பலனைப் பார்க்க ஒரு மாதம் கழித்து வேறு ஆளை அனுப்புங்கள். ‘தெரியுமா?’ என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். ‘செய்து காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பும் ஒரு தடவை எண்ணியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. முடிந்தால் நீங்கள் போகாத பக்கத்துத் தெருவையும் எண்ணுங்கள்.

நாங்கள் பத்து மாணவர்கள். கையில் இரண்டாயிரம் ரூபாய். என்ன செய்யலாம்?

பேனர் அடிக்காதீர்கள். ஒரு தெரு, ஒரு பழக்கம், எட்டு ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலம் வரப்போகிறது என்றால் டிரம் மூடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டார்ச், சில பிரஷ், டிரம் வாயில் கட்ட எலாஸ்டிக் நாடா, ஒரு பெட்டி சாக்பீஸ். துணிக்கு வீட்டில் இருக்கும் பழைய வேட்டியே போதும். பி.எச்.சி. சுகாதார ஆய்வாளரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள்; எந்தத் தெருவில் காய்ச்சல் அதிகம் என்று அவருக்குத் தெரியும், உங்களோடு ஒரு நாள் வரவும் செய்யலாம். ஒவ்வொரு வீட்டிலும் டார்ச் அடித்து அந்த வீட்டுக்காரரையே உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். தேய்த்துக் கழுவிய தேதியை டிரம்மின் வெளிப்பக்கம் சாக்பீஸால் அவர்களே எழுதட்டும். அடுத்த ஞாயிறு போகும்போது அந்தத் தேதிதான் உங்கள் கணக்குப் புத்தகம்.

ஆனால் முதல் ஞாயிறு உங்கள் வீட்டு மொட்டை மாடி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் இவற்றைப் பாருங்கள். புழு இருந்தால் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மூடி வையுங்கள், தெருவில் காட்டலாம். இரண்டு நாளுக்குள் காட்டி முடித்து வெயிலில் தரையில் கொட்டிவிடுங்கள். மறந்து அலமாரியில் வைத்துவிட்டால், மூடியைத் திறக்கும்போது கொசுவாகப் பறந்து வரும்.